வெள்ளிக்கிழமை அலகு

கந்தப்பனின் உள்ளங்கைக்கு எதுவும் தெரியாது. ஆவி பறக்கும் சாயத்தண்ணியைக் கைப்பிடி இல்லாத டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொண்டு நின்று பேசுவார். இளவயதிலிருந்து கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. தேயிலைச் செடியின் கிளைகளை ஒரே வீச்சில் சீவித் தள்ளும் அந்த வேலை, உள்ளங்கைத் தோலைத் தோலாக விட்டுவைப்பதில்லை. அதனால் முகம் வழித்த பிறகு, சரியாக வழித்தோமா என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவரால் முடியாது. கண்ணாடி பாதியைச் சொல்லும். மீதியைச் சொல்ல மனைவி மீனம்மா வேண்டும்.

மீனம்மா கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கும் விரல் நுனிகள் கறையேறி வெடித்துத்தான் இருந்தன. ஆனால் மணிக்கட்டின் உட்புறம் மட்டும் வேலை தொடாத இடம். கந்தப்பன் முகம் வழித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து குனிந்து நிற்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் திருப்பி, மணிக்கட்டை அவர் கழுத்திலிருந்து கன்னத்துக்கு, மயிர் வளரும் போக்குக்கு எதிராக மெல்ல ஏற்றுவாள். இடது தாடைக்கு அடியில் அவருக்கு ஒரு சுழி உண்டு. அங்கே வந்ததும் கை நிற்கும். "இங்க விட்டுட்டீங்க" என்பாள். அவர் மறுபடி வாசலுக்குப் போவார். அது ஒரு பெரிய விஷயம் என்று இரண்டு பேரும் நினைத்ததில்லை. அவள் வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போன பிறகுதான் கந்தப்பனுக்கு அது தெரிந்தது.

அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் முகம் வழிக்கக் கூடாது, வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் அறிந்தது. ஆனால் விமான நிலையத்துக்குள் நாலு பேர் பார்க்க நிற்க வேண்டுமே என்று அன்று காலையில் கந்தப்பன் கடைப் பிளாஸ்டிக் ரேசரால் முகத்தை வழித்துக்கொண்டு போனார். இரண்டு வருசத்தில் வருவதாகச் சொன்னவள் வரவில்லை. அடுத்த இரண்டு வருசத்திலும் வரவில்லை. காரணம் என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மனதிலிருந்து போகவில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தின் பெரிய பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக மாற்றியபோது, வேலி வெட்டக் கந்தப்பனைக் கூப்பிட்டிருந்தார்கள். கொட்டகலையிலிருந்து வந்த மரவேலைக்காரர் அலோசியஸ், பழைய அலமாரிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். குப்பைக் குவியலில் ஒரு தோல்பெட்டி கிடந்தது. உள்ளே நீலத் துணி விரித்த குழிகளில் ஏழு இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். ஒரு பக்கம் தடித்த முதுகு, மறுபக்கம் மெலிந்த வாய். நாவிதர் கத்தியை நறுக்கி ஏழாக்கியது போலிருந்தது. கூடவே ஒரு கைப்பிடியும், சீப்புப் பல் வைத்த ஒரு சின்னத் தலையும், அலகை மாட்டித் தீட்டுவதற்கான ஒரு பிடியும் இருந்தன.

"அந்தக் காலத்துத் தொரைமாரு சேவிங் சாமான்ண்ணே" என்றார் அலோசியஸ். "இரும்புக் கடைக்குத்தான் போவும். வேணும்னா கொண்டு போங்க."

வீட்டில் மகள் சுலக்ஷனா, தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், அலகுகளின் முதுகில் பொடி எழுத்தில் ஏதோ வெட்டியிருப்பதைப் பார்த்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஆங்கிலத்தில் நாளுக்கு ஒன்று. ஓர் அலகால் வழித்துவிட்டு அடுத்த வாரம் வரைக்கும் ஓய்வு கொடுப்பார்களாம். செல்பேசியில் தேடிச் சொன்னாள். கந்தப்பன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் துரு இருந்தது. ஆனால் ஐந்து அலகுகள் தேய்ந்து வயிறு ஒட்டியிருந்தன. இரண்டு மட்டும் அகலம் குறையாமல் அப்படியே இருந்தன. அந்த இரண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணு செவ்வா. மத்தது வெள்ளிப்பா."

கந்தப்பன் சிரித்துவிட்டார். வெள்ளைக்காரத் துரை செவ்வாய் வெள்ளி பார்க்கப் போவதில்லை. துரை கப்பலேறிப் போன பிறகு பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு நம்ம ஆள், அப்புவோ அப்புவின் மகனோ, வருசக் கணக்கில் இதை வைத்து வழித்திருக்கிறார். செவ்வாயையும் வெள்ளியையும் தொடவில்லை. முகம் தெரியாத அந்த மனிதரிடம் கந்தப்பனுக்கு அன்றே ஒரு பிரியம் வந்துவிட்டது.

பழுது பார்ப்பதில் அவர் அவசரப்படவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் ரேசரின் தலையைத் தேய்த்தார். அதில் நுரை வடிந்து தங்கும் தட்டில் யாருடைய சவர்க்காரமோ பச்சையாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. மூங்கில் குச்சியைச் சீவி அதைச் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும். அலகுகளின் துருவை, துணியில் சலித்த சாம்பலும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் துடைத்தெடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது.

பிறகு திங்கள் அலகை எடுத்துத் தீட்டினார். தீட்டுவது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையில்லை. கவ்வாத்துக் காட்டில் கல்லும் கத்தியுமாகவே நாள் போகிறவர். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும்போது முதுகைக் கல்லிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வாய்க்குப் பின்னால் சற்றுச் சதை நிற்கும். முற்றிய கிளையில் மோதினால் மடங்காது. கை அதையே செய்தது. தீட்டி முடித்து வாழையிலையை நறுக்கிப் பார்த்தார். இலை சத்தமில்லாமல் பிரிந்தது. மறுநாள் காலையில் முகத்தில் வைத்தார். கன்னத்தில் மயிரை இழுத்துப் பிடுங்கியது. சுழியில் கடித்தது.

அன்றைக்கு வீடியோவில் அழைத்த மீனம்மா, தாடையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, தேயில மலைன்னு நெனச்சு வெட்டிட்டீங்களா?"

சிரித்தாள். சிரித்து முடிந்ததும், அந்தச் சுழிப் பக்கம் கையை வையுங்கள், பார்க்கிறேன் என்றாள். அவர் வைத்தார்.

என்ன பிழை விட்டோம் என்று கந்தப்பன் மற்ற அலகுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். தேய்ந்த அலகுகளின் முதுகில், இரண்டு பக்கமும், ஒரு மினுங்கும் பட்டை ஓடியது. செவ்வாயிலும் வெள்ளியிலும் அந்தப் பட்டை இல்லை. அப்படியென்றால் அந்தப் பழைய ஆள் முதுகைத் தூக்கவேயில்லை. முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுத்துத் தேய்ந்திருக்கின்றன. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை அலகைச் செய்தவனே முதுகின் தடிப்பில் வைத்துவிட்டான். தீட்டுகிறவன் செய்ய வேண்டியதெல்லாம் கையை அடக்குவதுதான். பல வருசப் பழக்கத்தில் தானாகத் தூக்கும் கை. அதை அடக்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

கவ்வாத்துக் கல் இதற்கு முரடு. முன்பள்ளி அலமாரிக்குப் பின்னால் கிடந்த உடைந்த சிலேட்டுப் பலகையைச் சுலக்ஷனா கொண்டுவந்தாள். அதில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போல ஒரு குழம்பு வரும். வாய் பட்டாக ஆகும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கழற்றிப் போட்ட பழைய யந்திரத்துத் தோல்பட்டியில் ஒரு முழம் கேட்டு வாங்கி, கதவுக் கொண்டியில் மாட்டி, அதில் இழுத்து முடிப்பார். ஞாயிறு, புதன், வியாழன், சனி நான்கும் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. திங்கள் அலகைத் திருத்த முடியவில்லை. அதனால் திங்கள்கிழமையும் அவர் முகம் வழிப்பதில்லை. பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் பிரிக்கும்போது, திங்களும் விரதமா என்று கேட்பார்கள்.

செவ்வாய், வெள்ளி அலகுகளையும் தீட்டி வைத்தார். வழிக்கவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழியில் படுக்கவைத்தார். மழையும் பனியும் உள்ள ஊர். மாதம் ஒரு தடவை பிரித்துத் துடைக்காவிட்டால் துரு வந்து உட்கார்ந்துவிடும்.

இப்படி முகம் வழித்து என்ன, சரியாக இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. மகளிடம் கேட்க முடியாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மீனம்மாவின் நைலெக்ஸ் சேலை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதன் தலைப்பைக் கன்னத்தில் போட்டு மெல்ல இழுப்பார். மயிர் மிச்சமிருந்தால் துணி கொக்கி போட்டது போல நிற்கும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு விழும். சரியாக வழித்த நாளில் சேலை முகத்தில் நிற்காமல் நழுவிப்போவது அவருக்கு என்னவோ போலிருந்தது. சில நாள் சுழியை வேண்டுமென்றே விட்டுவைப்பார்.

மீனம்மாவை வரவிடாமல் வைத்திருந்தது ஒரு கிழவி. குவைத்து மேடத்தின் அம்மா. படுத்த படுக்கை. மகள் தொட்டால் முகத்தைத் திருப்புகிற அந்த அம்மா, மீனம்மா ஊட்டினால் வாயைத் திறந்தாள். நோய் ஒட்டக் கூடாது என்று ஒவ்வொரு தடவை தொடுவதற்கு முன்னும் பின்னும் மருந்துத் தண்ணீரில் முழங்கை வரைக்கும் முக்க வேண்டும்; அந்தத் தண்ணியில முக்கி முக்கிக் கை வெந்த கெழங்கு மாதிரி ஆயிருச்சுங்க என்று ஒரு தடவை சொன்னாள். அவர் அதைக் கையெரிச்சல் என்றுதான் எடுத்துக்கொண்டார், தேங்காயெண்ணெய் போடு என்றார். அவளைத் திரும்பக் கூப்பிட்ட போதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அந்த மனுசி என் கையத்தாங்க தேடுது. எப்பிடி உதறிட்டு வருவேன்?"

அதற்குப் பிறகு கந்தப்பனுக்குக் கோவிலில் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. மீனம்மா வர வேண்டும் என்றால், எங்கோ ஒரு கிழவி போக வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலிருக்கவும் மனம் வரவில்லை. மாரியம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் கேட்காமல் நின்றுவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வருவார்.

ஒரு தடவை விளையாட்டாக, வெள்ளிக்கிழமை அலகு உனக்காகத்தான் இருக்கிறது, நீ வருகிற அன்றைக்கு அதால்தான் வழிப்பேன், வெள்ளியாக இருந்தாலும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கெழமையா?" என்றாள் அவள். "வந்தவளத் திருப்பி அனுப்பவா?"

மஸ்கெலியா அணைக்கட்டில் தண்ணீர் வற்றி, மூழ்கிக்கிடந்த பழைய கோவிலின் கல் வெளியே தெரிந்த சமயத்தில் அந்தக் கிழவி போய்ச்சேர்ந்தாள். மீனம்மா செல்பேசியில் தாய் செத்தது போல அழுதாள். கந்தப்பனும் அழுதார். எதற்காக அழுகிறோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு டிக்கெட் போட்டார்கள். விடியற்காலையில் கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பிலிருந்து பஸ் பிடித்து ஹட்டனுக்கு வருவாள். நாள், வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை காலையில் அவர் வியாழன் அலகால் வழித்துக்கொண்டார். ஆனால் வெள்ளி மாலையில் அவள் மணிக்கட்டு படும்போது ஒரு நாள் முள் முளைத்திருக்கும். பங்களாவில் இன்னும் கதவு மாட்டிக்கொண்டிருந்த அலோசியஸிடம் இதைச் சொன்னார். அலோசியஸ் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"எங்க கிறிஸ்தவ ஆளுங்களுக்கு வெள்ளிக்கெழம கறிதாண்ணே ஆகாது. மொகத்துக்கு ஒண்ணுமில்ல. ஒரு நாளைக்கு எங்க வேதத்துல சேந்து வழிச்சிட்டு, சனிக்கெழம திரும்பிப் போயிருங்க."

வெள்ளி காலையில் சுலக்ஷனா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கந்தப்பன் வெள்ளி அலகைப் பிரித்து, தோல்பட்டியில் இழுத்து, ரேசரின் தலையில் மாட்டினார். நுரையைக்கூடப் பூசிவிட்டார். அப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் பெட்டியோடு நின்ற மீனம்மா, வழித்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. அவர் நுரையைக் கழுவிவிட்டார். அலகைக் கழற்றி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசி, குழியில் வைத்து மூடினார். அவள் வீட்டுக்குள் வந்து சேரட்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஹட்டன் பஸ் நிலையத்தில் அவள் இறங்கியபோது மழைத் தூறல். மெலிந்திருந்தாள். நிறம் வெளுத்திருந்தாள். ஆட்டோவில் மகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் பேசினாள். கந்தப்பன் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, பேசுகிறவளைத் தாண்டி மற்றவளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில், மகள் பக்கத்து வீடுகளுக்குச் சாக்லேட் கொடுக்கப் போனாள். அடுப்படியில் விளக்குப் போடவில்லை. அடுப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. மீனம்மா தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுத் திரும்பினாள். கந்தப்பன் கேட்கவில்லை. அவராகவே குனிந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் திருப்பி மணிக்கட்டைக் கழுத்தில் வைத்து, கன்னத்துக்கு ஏற்றினாள். ஒரு நாள் முள்ளில் அவள் தோல் உரசும் சத்தம் அவர் காதுக்கே கேட்டது. சுழியில் கை நிற்கவில்லை. தாண்டிப் போனது.

"சொன்ன மாதிரியே வழிச்சிட்டீங்களே" என்றாள். "கண்ணாடி மாதிரி இருக்கு."

கந்தப்பன் நிமிரவில்லை. ஆமாம் என்றார்.

மறுநாள் சனி அலகை எடுத்து, இதுவரைக்கும் வழித்ததிலேயே நன்றாக வழித்தார். மேலிருந்து ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை. சுழியைத் தோலை இழுத்துப் பிடித்து வழித்தார். சேலைத் தலைப்பு நிற்காமல் விழுந்தது. அடுப்படிக்குப் போய்க் குனிந்தார். அவள் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கு என்றாள். அதே குரல், அதே சொல். பிறகு கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு நேத்தும் தெரியலைங்க. இன்னைக்கும் தெரியல."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மருந்துத் தண்ணீரில் வெந்து, உரிந்து, மறுபடி வளர்ந்த தோல் முழங்கை வரைக்கும் மினுமினுப்பாக, தடிப்பாக இருந்தது. பழைய தேயிலைக் கறை ஒன்றும் மிச்சமில்லை. சூடு தெரிகிறது, குத்தினால் தெரிகிறது, மெல்லிசாகப் பட்டால் தெரியவில்லை என்றாள். "ஒங்க மனசு நோகுமேன்னுதான் சொன்னேன்" என்றாள்.

நேற்று வழிக்கவே இல்லை என்பதை அவர் அப்போதுதான் சொன்னார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். சிரித்துக்கொண்டே அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தோல் மாறி வர நாளாகும், வருமா என்றும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். கந்தப்பன் களிம்போடு தன் மருந்தையும் சேர்த்துக்கொண்டார். வழிக்கிற நாளெல்லாம் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வழித்துக்கொண்டு அவள் முன்னால் போய்க் குனிவார்.

"கண்ண மூடு. எந்தப் பக்கம்னு சொல்லு."

அவள் இரண்டு பக்கமும் தடவி ஒன்றைச் சொல்வாள். தப்பாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும். சரியாகச் சொன்ன நாளிலும், கை தயங்கிய விதத்திலிருந்து அது குருட்டாம்போக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டார். மறு பக்கத்தை வழிக்க நேரமில்லாமல் போகும் சில காலைகளில் அப்படியே பெரட்டுக்குப் போய் நிற்பார். என்ன கந்தப்பா, அரை மலை கவ்வாத்து வெட்டி அரை மலைய விட்டுட்டு வந்துட்டியா என்று கங்காணி கேட்டார். மீதி மலைக்கு வீட்டில் ஆள் பிரித்து விட்டிருக்கிறது என்றார் கந்தப்பன்.

மீனம்மா மறுபடி கொழுந்துக்குப் பதிந்துகொண்டாள். முன்பெல்லாம் கண் எங்கோ இருக்க, விரலே கொழுந்தைத் தேடிப் பறிக்கும். இப்போது ஒவ்வொன்றையும் பார்த்துப் பறிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் எண்ணெய் தேய்க்கும்போது அவர் அவள் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். தெரியாத கையும் தெரியாத கையும். வெள்ளி அலகை எப்போது எடுப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டாள். நான் வந்த நாளுக்குன்னு வச்சது, நான்தான் வந்துட்டேனே என்றாள். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு புதன்கிழமை, மழை விட்ட காலையில், அவர் நேரமாகிவிட்டதென்று முழு முகத்தையும் வழித்துக்கொண்டு உள்ளே வந்தார். அன்று விளையாட்டு இல்லை, வேலைக்குப் போக வேண்டும். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில், மாவு ஒட்டாத மணிக்கட்டால் அவர் கழுத்தைத் தொட்டு மேலே ஏற்றினாள். இடது தாடைக்கு அடியில் கை நின்றது. கொஞ்சம் கீழே போய், மறுபடி மேலே வந்து, அதே இடத்தில் நின்றது.

"இங்க விட்டுட்டீங்க" என்றாள்.

கந்தப்பன் தன் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தார். அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி வாசலில் ஆணியில் தொங்கியது. சேலை இருந்த டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவர் இரண்டின் பக்கமும் போகவில்லை. புதன் அலகைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு, தாடையை உயர்த்தி, மீனம்மா நிற்கிற இடத்துக்கே வந்து, எங்கே என்று இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.